முப்பத்தொன்றாவது ஜாயின்ட்

வினோத் சார் கையெழுத்துப் போடும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானமே எனக்கு விஷயம் தெரியும். அன்றைக்கே சொல்லியிருந்தால், ஏதோ தவறு நடந்துவிட்டது, திரும்பச் செய்கிறோம் என்று முடித்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் அந்தத் தாளில் பெயரெழுதி, தேதி போட்டு, சீல் குத்தும்வரை காத்திருந்தேன். பேனாவை நீட்டியதே நான்தான். யாரும் கேட்காமல் நானாகவே இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஊர் நன்மைக்காகச் செய்தேன் என்று பின்னால் யாரும் பாராட்டிவிடக் கூடாது.

அப்போது நான் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல். கோயம்புத்தூரில் அரசு கல்லூரி. எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர்கள் கிடையாது. முதல் பட்டதாரி சான்றிதழுக்காக அப்பா மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் நின்றார். கோடை விடுமுறையில் எல்லோரும் ஆறு வாரம் எங்காவது இன்டர்ன்ஷிப் போயாக வேண்டும். கூடப் படித்தவர்கள் மாமா, சித்தப்பா என்று ஆள் பிடித்து ஓசூருக்கும் சென்னைக்கும் போனார்கள். எனக்கு ஆள் இல்லை. கல்லூரிப் பட்டியலில் யாரும் எடுக்காமல் கிடந்த ஒன்று எங்கள் ஊர்ப் பக்கமே இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன்.

இயற்கை எரிவாயு வேலை. மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் சிலிண்டர் கொத்தாக ஏற்றிவந்து, கோத்தகிரியில் ஒரு நிலையத்தில் இறக்கி, அங்கிருந்து பூமிக்கடியில் பைப் போட்டு வீடுகளுக்கும் ஒரு தேயிலை ஃபேக்டரிக்கும் கொடுக்கிறார்கள். ஃபேக்டரியில் அதுவரை விறகு எரித்துத்தான் தூள் காயவைத்தார்கள். பைப் பதிக்கிற வேலையை கேஸ் கம்பெனி ஒரு கான்ட்ராக்டரிடம் விட்டிருந்தது. கான்ட்ராக்டரின் சைட் இன்ஜினீயர்தான் வினோத் சார். வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று கம்பெனிக்காகப் பார்க்கும் அதிகாரி மெட்டில்டா மேடம். குன்னூரிலிருந்து வாரத்துக்கு ஒருநாள் வருவார். என் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

அதே கான்ட்ராக்டரிடம் பிப்ரவரி மாதத்திலிருந்து அப்பா குழி வெட்டிக்கொண்டிருந்தார். பெயர் பரமசிவன். சின்னப் பையனாக இலங்கையிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கியவர். கீழ் கோத்தகிரியில் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றுதான் எங்கள் வீடு. அம்மா அந்த எஸ்டேட்டிலேயே கொழுந்து எடுக்கிறாள்.

நானும் அங்கேதான் வரப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"சைட்டுல என்னைய அப்பான்னு கூப்புடாத புள்ள," என்றார். "நீ படிக்க வாற. நான் மண்ணு வெட்ட வாறேன். ரெண்டையும் சேத்து முடிச்சுப் போடாத."

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஏழு பத்து பஸ்ஸில் இரண்டு பேரும் ஒன்றாக ஏறுவோம். அவர் ஒரு ஸ்டாப் முன்னாலேயே, சர்ச் வளைவில் இறங்கி நடந்து வருவார். நான் சைட்டில் இறங்கி வெள்ளை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டால் மேடம். அவர் மஞ்சள் ஹெல்மெட், குழிக்குள். எதிரே வந்தால் "குட் மார்னிங் மேடம்" என்பார், ஒரு சிரிப்பும் இல்லாமல். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் வாரம் பழகிவிட்டது.

வினோத் சார் கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். முப்பது வயதிருக்கும். கெட்டவன் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்தவர் கிடையாது. பிரஷர் காட்டும் கேஜை எப்படிப் படிப்பது, வால்வை எந்தப் பக்கம் நின்று திறப்பது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். என்னிடம் 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை வராது. கையில் சர்டிபிகேட் இருப்பவர்கள் எல்லோருக்கும் அவரிடம் 'ங்க' உண்டு. குழிக்குள் இருப்பவர்களுக்கு 'யோவ்'. எஸ்டேட்காரர்களுக்குச் சொன்னால் புரியாது, கையைப் பிடித்துக் காட்ட வேண்டும் என்று ஒருநாள் என்னிடமே சொன்னார். நான் கோத்தகிரி என்று மட்டும் சொல்லியிருந்தேன். லயம் என்று சொல்லவில்லை.

அவருக்குக் குளிர் ஆகாது. மே மாதத்திலும் காதை மூடிக் குல்லாய். சைட் ஆபீசுக்குப் பின்னறையில்தான் தங்கியிருந்தார். வேலை முடிந்து ஏழு மணிக்கு அறைக்குள் போனால் முதலில் ஹீட்டர் சுவிட்ச், அப்புறம்தான் ஷூவைக் கழற்றுவது. பைப் ஒட்டுகிற ஸ்டெபின் அண்ணன் கேரள எல்லையோரம் நாடுகாணிக்காரர், பேச்சில் பாதி மலையாளம். அவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பைப் ஒட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பைப்தான். இரண்டு முனைகளை ஒரு கப்ளிங்குக்குள் நுழைத்து, மெஷினால் கரண்ட் கொடுத்தால் உள்ளே உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் கிளாம்ப் போட்டு இருபது நிமிடம் அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். ஆறுவதற்குள் அசைத்தால் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. ஒவ்வொரு ஜாயின்டுக்கும் ஒரு நம்பர்.

முப்பத்தொன்றாவது ஜாயின்ட் ஃபேக்டரிக்குக் கீழே, ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில். மே இருபது, செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்குக் கீழே ஸ்டெபின் அண்ணன் ஒட்டி முடித்து கிளாம்ப் போட்டார். இருந்தது ஒரே கிளாம்ப். அடுத்த ஜாயின்டையும் இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வினோத் சாருக்கு அவசரம். ஆறு நிமிடம்கூட ஆகியிருக்காது, கழற்றச் சொன்னார். ஸ்டெபின் அண்ணன் தயங்கினார். குழிக்குள் நின்றிருந்த அப்பா கப்ளிங் மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"சார், சூடு இன்னும் ஆறலீங்க," என்றார்.

"யோவ், நீ மண்ணு வெட்ட வந்தியா, எனக்குக் கிளாஸ் எடுக்க வந்தியா?"

"ஸ்டெபின் தம்பி எப்பவும் இருவது நிமிசம் வைக்கும். அதான் சொன்னேனுங்க."

அத்தோடு போயிருக்கும். பக்கத்துக் குழியிலிருந்து சின்னராஜ் அண்ணன்தான் கெடுத்தார். வாய் சும்மா இருக்காத மனிதர். "சாரு, பரமசிவண்ணன்கிட்ட டியூசன் சேந்துக்கங்க, பீசு கம்மிதான்," என்றார். குழியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வினோத் சார் திரும்பி முதலில் பார்த்தது நான் சிரித்ததைத்தான். அவருடைய காது, குல்லாய்க்கு வெளியே தெரிந்த அளவுக்கு, சிவந்தது.

"மேல ஏறு," என்றார் அப்பாவைப் பார்த்து. "ஹெல்மெட்டும் பூட்சும் கம்பெனிது. கழட்டி வெச்சுட்டுக் கெளம்பு. நாளைக்கு வர வேண்டாம்."

குழி வெட்டுகிறவர்கள் எல்லோரும் வீட்டிலிருந்தே அந்த முழங்கால் பூட்சைப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். மாற்றிக்கொள்ள அப்பாவிடம் அங்கே செருப்பு இல்லை. அது வினோத் சாருக்கும் தெரியும். அப்பா மண் குவியல் மேல் உட்கார்ந்து ஒன்றொன்றாகக் கழற்றினார். உள்ளே போன மழைத்தண்ணீர் கொட்டியது. பாதம் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது. இரண்டு பூட்சையும் ஜோடியாகச் சேர்த்து வைத்து, அதன் மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்தார். என்னைப் பார்க்கவில்லை. ரோட்டில் ஏறி வெறுங்காலோடு நடந்தார். சீசன் நேரம், ஊட்டிக்குப் போகிற கார்கள் வரிசையாகச் சேற்றுத் தண்ணீரை அடித்துக்கொண்டு போயின. வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஸ்டெபின் அண்ணன் கிளாம்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. என் கையில் ஜாயின்ட் நோட்டு. அவர் என் அப்பா என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். எனக்கு வரவில்லை.

"மேடம், அந்த பூட்ச எடுத்து ஸ்டோர்ல வெச்சுருங்க," என்றார் வினோத் சார், மரியாதையாக. "ரிட்டர்ன் நோட்டுல எழுதிருங்க."

எடுத்துக்கொண்டு போனேன். பரமசிவன், ஹெல்மெட் ஒன்று, பூட்ஸ் ஒரு ஜோடி, ஏழாம் நம்பர். எழுதிவிட்டு மூன்றாவது தட்டில் வைத்தேன். உள்ளே கையை விட்டபோது இன்னும் கதகதப்பாக இருந்தது.

வீட்டில் அம்மா அப்பாவின் காலில் உப்பைத் தேய்த்து அட்டைப்பூச்சிகளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். "நீ அங்கனதான நின்ன?" என்றாள் என்னைப் பார்த்து. நான் பேசாமல் இருந்தது சரிதான், பேசியிருந்தால் இரண்டு பேருக்கும் போயிருக்கும் என்று அப்பா சமாதானம் சொன்னார். அன்றைக்கு நான் சாப்பிட்டேன். இரண்டாவது தடவை சோறு வாங்கியும் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

அந்த ஆத்திரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு வாரம் சுற்றினேன். மெட்டில்டா மேடம் வந்தபோது சொல்லப் போனேன். குழி வெட்டுகிற ஒருவரை கான்ட்ராக்டரின் ஆள் வீட்டுக்கு அனுப்பினார் என்றால் அது புகாரா? ஜாயின்டைப் பற்றிச் சொன்னாலும், ஆறு நிமிடமா இருபது நிமிடமா என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. நோட்டில் இருபது என்றுதான் எழுதியிருந்தது. அதை எழுதியதும் நான்தான், வினோத் சார் சொல்லச் சொல்ல. வாயை மூடிக்கொண்டேன். தினமும் அவருக்கு குட் மார்னிங் சொன்னேன். அவர் எங்கே தவறுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு கவனமாக நான் எந்தப் பாடத்தையும் படித்ததில்லை.

கேஸ் விடுவதற்கு முன்னால் லைனைச் சோதிக்க வேண்டும். பைப் முழுக்கக் காற்றை அடைத்து, இரண்டு பக்கமும் மூடி, இருபத்துநாலு மணி நேரம் பிரஷர் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ரெக்கார்டர் என்று ஒரு பெட்டி. அதற்குள் வட்டமான ஒரு தாள், சார்ட் என்பார்கள், சாவி கொடுத்த கடிகாரம் போல மெல்லச் சுற்றும். சிவப்பு முள் பிரஷரைக் கோடு இழுக்கும், நீல முள் குளிரையும் சூட்டையும். கரண்ட் வேண்டியதில்லை.

முதல் சோதனை தோற்றது. மறுவாரம் செவ்வாய்க்கிழமை அடைத்த காற்று நாலு மணி நேரத்தில் இறங்கிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை கேஸ் விடுவதாகத் தேதி குறித்தாகிவிட்டது, சென்னையிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். போனில் முதலாளியிடம் வினோத் சார் கெஞ்சுவது கதவுக்கு வெளியே கேட்டது. எந்த ஜாயின்ட் என்று தேட முழு லைனையும் தோண்ட வேண்டும். புதன்கிழமை மத்தியானம் மறுபடி சோதனை ஆரம்பித்தது. இந்த முறை ரெக்கார்டரை வெளியே வைக்காமல் தன் அறை ஜன்னலோரம் வைத்துக்கொண்டார். மழையில் நனைந்துவிடும் என்று காரணம் சொன்னார்.

வியாழக்கிழமை காலையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியே வந்தார்.

"நேத்து எட்டேகாலுக்குப் போன கரண்ட்டு ஒம்பதுக்குத்தானுங்க மேடம் வந்துச்சு," என்றார். "ஹீட்டர் இல்லாம வெறச்சுப் போயிட்டனுங்க. நீங்க எல்லாம் எப்படித்தான் இந்த ஊர்ல இருக்கறீங்களோ."

மத்தியானம் சோதனை முடிந்தது. வெற்றி. ஆரம்பித்த பிரஷரும் முடிந்த பிரஷரும் ஒன்று. சார்ட்டை என்னிடம் கொடுத்து, என் கையெழுத்து நன்றாக இருப்பதால் மணிவாரியாக ரீடிங்கைப் பார்த்து ரிப்போர்ட்டில் எழுதிவிடச் சொன்னார். பொதுவாக யாரும் நடுவில் பார்க்க மாட்டார்கள். ஆரம்பம், முடிவு, இரண்டு புள்ளிதான். மணிவாரியாக எழுதினால் அழகாக இருக்கும் என்பது அவருடைய யோசனை.

எழுத உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து நீலக் கோடு இறங்குகிறது. மழை, குளிர், சரி. குளிர்ந்தால் காற்று சுருங்கும், பிரஷரும் கொஞ்சம் இறங்க வேண்டும். பள்ளிக்கூடப் பாடம். வேறு பகுதிகளில் முன்னால் நடந்த சோதனைகளின் சார்ட் எல்லாவற்றிலும் சாயங்காலம் சிவப்புக் கோடு லேசாகச் சரியும். இதில் ஏழு மணிக்கு அது ஏறுகிறது. ஏறிக்கொண்டே போகிறது. எட்டேகாலுக்குச் சட்டென்று விழுகிறது. ஒன்பது மணிக்கு மறுபடி ஏறுகிறது.

இரண்டு மூன்று தடவை பார்த்தேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் சாப்பிடப் போனதும் பின்னறைக்குள் போனேன். மேசைக்கு அடியில், ஹீட்டருக்கு ஒரு முழம் தள்ளி, தெர்மாஸ் அளவுக்கு ஒரு சின்ன சிலிண்டர். அதன் வாயில் மாட்டின ஹோஸ் ரெக்கார்டருக்குப் போனது. சிவப்பு முள் காட்டியது பைப்பின் பிரஷரை அல்ல, அந்தக் குட்டி சிலிண்டரின் பிரஷரை; ஹீட்டர் எரிந்தால் அதன் காற்று விரியும், அணைந்தால் சுருங்கும். குளிரைப் பார்க்கிற ஒயர் மட்டும் ஜன்னல் வழியாக வெளியே, பைப்பில் ஒட்டியபடியே இருந்தது. அதை எடுத்து உள்ளே வைக்க மறந்துவிட்டார். போனில் நாலு படம் எடுத்தேன்.

ஸ்டெபின் அண்ணனிடம் கேட்டேன். பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"நான் ஒண்ணும் கண்டில்ல மோளே," என்றார். பிறகு, "ஹோசை மாத்தி மாட்டினது என்ட கைதான்," என்றார்.

யாராவது கேட்டால் இதைச் சொல்வாரா என்றேன். கேட்டால் சொல்வேன், கேட்காமல் சொல்ல எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். அது போதும் எனக்கு.

வெள்ளிக்கிழமை. சோதனை முடிவுத் தாள், மூன்று நகல். ரீடிங் எல்லாம் என் அழகான கையெழுத்தில், உள்ளது உள்ளபடி, எட்டேகால் உட்பட. கடைசி வரியில், என் மேற்பார்வையில் முழு லைனிலும் சோதனை நடந்தது என்று அச்சடித்திருந்தது. வினோத் சார் சட்டைப் பையைத் தடவினார். நான் என் பேனாவை நீட்டினேன். படித்துக்கூடப் பார்க்காமல் மூன்றிலும் போட்டார். "தேங்க்ஸுங்க மேடம், நல்லா எழுதியிருக்கறீங்க," என்றார். மெட்டில்டா மேடம் திங்கட்கிழமை கேட்பார், நானே கொடுத்துவிடுகிறேன் என்று தாள்களை வாங்கி வைத்துக்கொண்டேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அப்பா வீட்டில் கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழரைக்கெல்லாம் போய் வால்வுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன், நான் பேசுவதற்குள் யாரும் திறந்துவிடக் கூடாது என்று. சின்னப் பந்தல் போட்டிருந்தார்கள். கற்பூரம் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் ஒரு பூசணிக்காயும் குங்குமமும் மட்டும். சென்னை ஆட்கள் பத்தரைக்குத்தான். மெட்டில்டா மேடம் ஒன்பது மணிக்கு ஸ்வெட்டர் கையை மடித்துக்கொண்டே வந்தார். குள்ளமான மனுஷி, நீட்டி முழக்கினால் பிடிக்காது.

"என்ன சுமலதா, சுருக்கமா சொல்லு."

சார்ட்டை நீட்டினேன். கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினேன். போன் படங்களைக் காட்டினேன். வினோத் சார் வேகமாக வந்தார்.

"சின்னப் பொண்ணுங்க மேடம், சார்ட் படிக்கத் தெரியல. ஆரம்பிச்சதும் முடிஞ்சதும் ஒண்ணுதானுங்களே. அந்த சிலிண்டர் ஸ்பேருங்க."

மேடம் சார்ட்டைத் தட்டு மாதிரிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குழி ஆட்கள் எல்லோரும் பந்தலை ஒட்டி வந்து நின்றுவிட்டார்கள். எனக்கு அது வேண்டியிருந்தது. குரலைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டேன்.

"புதன்கிழமை எட்டேகாலுக்குப் பிரஷர் ஏன் சார் விழுந்துச்சு?"

"அது... மழைங்க."

"மழை மூணு மணியிலிருந்து பெஞ்சுது. எட்டேகாலுக்கு கரண்ட்தான் போச்சு. ஹீட்டர் இல்லாம வெறச்சுப் போயிட்டேன்னு நீங்கதான் சொன்னீங்க. ஒம்பதுக்கு வந்துச்சுன்னும் சொன்னீங்க. ஒம்பதுக்குத்தான் மறுபடி ஏறுது பாருங்க." கொஞ்சம் நிறுத்தினேன். "கரண்ட் போனது மண்ணுக்குள்ள இருக்கிற பைப்புக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

முதலில் சிரித்தது சின்னராஜ் அண்ணன்தான். பிறகு எல்லோரும். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. அவருடைய காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடம் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. சென்னைக்குப் போன் போட்டு, இன்றைக்குக் கேஸ் விடவில்லை, வர வேண்டாம் என்றார். கேஜை நேராகப் பைப்பில் மாட்டிக் காற்றை அடைக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் முள் கண்ணெதிரே இறங்கியது. ஸ்டெபின் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் கேட்டதற்குப் பதில் சொன்னார், முப்பத்தொன்றாவது ஜாயின்டையும் சேர்த்து.

அந்த ஜாயின்டைத் தோண்ட வேண்டும். வரைபடத்தில் இருக்கிற இடத்தில் நாலடி தோண்டியும் பைப்பே இல்லை. பாறை வந்ததால் குழியை அன்றைக்கு வளைத்து வெட்டியிருந்தார்கள். வினோத் சார் அதை வரைபடத்தில் திருத்தவில்லை. இப்போது மேலே புல் முளைத்துவிட்டது.

"எங்கேன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் மேடம்.

"வெட்டினது பரமசிவண்ணன். அவருக்குத்தான் அறியும்," என்றார் ஸ்டெபின் அண்ணன்.

"கூப்பிடுங்க அவரை."

அவரை நிறுத்தியாகிவிட்டது, நம்பரும் இல்லை என்றார் வினோத் சார். நான் என் போனை எடுத்து அழைத்தேன். மேடமும் அவரும் எனக்கு இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். திரையில் பெரிய எழுத்தில் வந்தது: அப்பா.

"எங்கப்பாதான் மேடம்," என்றேன்.

இரண்டு வார்த்தைதான். பதின்மூன்று நாள் கழித்து.

பதினொன்று நாற்பது பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். இந்தத் தடவை சர்ச் வளைவில் இறங்கவில்லை. ரப்பர் செருப்பு போட்டிருந்தார். நேராகக் குழிப் பக்கம் போனவரை மேடம் நிறுத்தினார். பூட்ஸ் இல்லாமல் உள்ளே இறங்க விடமாட்டார், அது அவருடைய சட்டம். அது எனக்கு முன்கூட்டியே தெரியும்.

"ஸ்டோர்ல இருக்கு மேடம்," என்றேன். "மூணாவது தட்டு, ஏழாம் நம்பர். சாவி வினோத் சார்கிட்ட."

"வினோத், எடுத்துட்டு வாங்க."

அவர் சுற்றிலும் ஆள் தேடினார். சின்னராஜ் அண்ணன் பூசணிக்காயை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டெபின் அண்ணன் மெஷின் ஒயரைச் சுருட்டினார். ஒருவரும் நகரவில்லை. ஸ்டோர் மேட்டு மேல், இருநூறு மீட்டர் இருக்கும். அவரே போனார். அவரே இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, சேறு வழுக்க வழுக்க இறங்கி வந்தார். தூறல் போட ஆரம்பித்திருந்தது. அப்பாவுக்கு முன்னால் பூட்சைக் கீழே போட்டார். ஒன்று சாய்ந்து விழுந்தது.

"ஜோடியா வைங்க சார்," என்றேன். "அவர் அப்படித்தான் கழட்டி வெச்சார்."

குனிந்து, விழுந்ததை நிமிர்த்தி, சேர்த்து வைத்தார்.

அப்போதுதான் அப்பா சைட்டில் முதல் தடவையாக என்னை முழுசாகப் பார்த்தார். அதில் சந்தோஷம் இல்லை. பூட்சை மாட்டிக்கொண்டு, சில்வர் ஓக் மரத்திலிருந்து ஒன்பது எட்டு எடுத்து வைத்து, கடப்பாரையை நட்டார். முக்கால் மணி நேரத்தில் கப்ளிங் தெரிந்தது. ஸ்டெபின் அண்ணன் சோப்புத் தண்ணீரை ஊற்றினார். ஓரத்தில் குமிழி குமிழியாகக் கிளம்பியது. மேடம் போட்டோ எடுத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் கம்பெனியிலிருந்து மெயில் வந்துவிட்டது. வினோத் சார் இனி எந்த சைட்டுக்குள்ளும் கால் வைக்கக் கூடாது. பையைக் காரில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று தயாராக நின்றேன்.

"மொதல்லயே உங்கப்பான்னு சொல்லியிருக்கலாமேங்க மேடம்," என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். "நான் அப்படிப் பண்ணியிருக்க மாட்டனுங்க."

"தெரியும்," என்றேன்.

கான்ட்ராக்டும் போயிற்று. புது ஆள் வர இரண்டு மாதம் ஆனது. அதுவரை இருபத்து மூன்று பேருக்கு வேலை இல்லை, அப்பாவையும் சேர்த்து. சின்னராஜ் அண்ணன் திருப்பூருக்குப் போனார், திரும்பவில்லை. உன் மகள் படித்த படிப்பு நம்ம வயிற்றில்தான் அடித்தது என்று லயத்தில் அம்மாவிடம் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை திரும்ப வந்தால் திரும்பவும் பேனாவை நீட்டுவேன். மெட்டில்டா மேடம் என் ரிப்போர்ட்டில் நல்லபடியாகத்தான் எழுதினார். கூடவே, கண்டுபிடித்த அன்றே ஏன் சொல்லவில்லை என்று ஒரு வரி கேட்டிருந்தார். பதிலுக்கான கட்டத்தை நான் காலியாக விட்டுக் கல்லூரியில் கொடுத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்கால பஸ்ஸில் நானும் அப்பாவும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். பூட்சை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ரப்பர் செருப்பு மடியில் பேப்பரில் சுற்றி இருந்தது. அந்த ஆளைக் குனிய வைத்ததற்கு என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். நன்றி சொன்னால் அழுதுவிடுவேன் என்றும் பயந்தேன்.

பஸ் கோத்தகிரி தாண்டியதும் ஒரு பூட்சைக் கழற்றி உள்ளே கையை விட்டுப் பார்த்தார். விரலில் பச்சையாகப் பூசணம் ஒட்டியிருந்தது. ஜன்னல் கம்பியில் துடைத்துக்கொண்டார்.

"ஈரத்தோட அப்படியே வெச்சிருக்க," என்றார். "கவுத்து வெச்சிருக்கணும் புள்ள."